அந்த சபர்பில் நம்மாளுங்க எத்தனை பேர்?

1

சென்சஸ் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் செருகி வைத்திருக்கிறேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. பார்க்காத மாதிரி பாலை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

நம்மூரில் கணக்கெடுப்பு என்றால் பள்ளிக்கூட டீச்சர் குடையும் நோட்டுமாக வெயிலில் வீடு வீடாக வருவார். தண்ணீர் கேட்டால் மோர் கொடுப்போம். இங்கே ஆள் வருவது அபூர்வம். கடிதத்தில் ஒரு நீள எண் இருக்கும், அதைக் கணினியில் தட்டினால் கேள்விகள் வரிசையாக வரும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, ஆகஸ்ட் குளிரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு யார் எந்தக் கூரைக்குக் கீழே தூங்கினார்கள் என்று இந்த நாடு எண்ணிப் பார்த்துக்கொள்ளும். எங்கே பிறந்தாய், உன் அப்பா எங்கே பிறந்தார், வீட்டில் என்ன பாஷை, என்ன மதம், என்ன வம்சாவளி. வம்சாவளிக்கு இரண்டு பதில் வரை எழுதலாம். அந்த அளவுக்குத் தாராளம்.

இந்தப் படிவம் எனக்கு இருபத்திரண்டு வருஷம் சோறு போட்டது. சிட்னியின் மேற்கே ஒரு கவுன்சிலில், திட்டப் பிரிவில் வேலை பார்த்தேன். கவுன்சில் என்றால் நம்மூர் நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருபது முப்பது ஊர்கள், இங்கே அவற்றை சபர்ப் என்பார்கள். ஒவ்வொரு கணக்கெடுப்பு முடிந்ததும் எண்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து ஊருக்கு ஒரு பக்கம் அட்டவணை போடுவதுதான் என் வேலை. இந்த ஊரில் சீனர் இத்தனை, லெபனான்காரர் இத்தனை, இந்தியர் இத்தனை, ஆங்கிலேயர் இத்தனை. நூலகத்தில் எந்த மொழிப் புத்தகம் வாங்குவது, நீச்சல் குளத்தில் எந்த மொழியில் எச்சரிக்கைப் பலகை வைப்பது என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் முடிவாகும். நல்ல வேலைதான். போன வருஷம் ஓய்வு பெற்றபோது கேக் வெட்டினார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு இந்தத் தடவை படிவத்தைத் திறக்கவே கை வரவில்லை. ஏன் என்று எழுதிப் பார்த்தால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்குமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். அடங்காது என்று தெரியும்.

2

கல்யாணமான புதிதில் திருச்சியில் நானும் சேகரும் வாடகைக்கு வீடு தேடினோம். உறையூரிலும் தில்லைநகரிலும் ஏறி இறங்காத படி இல்லை. எல்லா வீட்டிலும் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு "சைவமா?" என்பார்கள். சைவம் என்று கூசாமல் பொய் சொல்வோம். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு அந்தக் கேள்வி வரும்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க என்ன ஆளுங்க?"

அதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை. சேகர் ஒரு ஆளு, நான் வேற ஆளு. இரண்டு பேரையும் வீட்டிலிருந்து விரட்டிவிட்டிருந்தார்கள். சேகர் இழுத்து இழுத்துப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த வீட்டுக்காரர்களின் பையன் துபாயிலிருந்து திரும்பி வந்துகொண்டிருப்பான், வீடு அவனுக்குத் தேவைப்படும். துபாயில் அவ்வளவு பையன்கள் இருந்தார்களா என்று நாங்களே சிரித்துக்கொள்வோம். எட்டாவது வீட்டிலிருந்து இறங்கியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலில் நடுத்தெருவில் நின்று, "இந்தக் கேள்வியைக் கேக்காத ஊர் ஒண்ணு இருந்தா சொல்லுங்க. அங்க பாத்திரம் தேச்சாவது பொழைச்சுக்கறேன்" என்று கத்தினேன்.

அப்படி ஒரு ஊருக்கு வந்தும் சேர்ந்தேன். இந்த ஆகஸ்டோடு இருபத்தெட்டு வருஷம். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் எந்த வீட்டுக்காரரும், எந்த ஏஜெண்டும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை.

நான்தான் கேட்டேன். வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

3

வந்த புதிதில் சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில்லில் ஒரு யூனிட்டில் இருந்தோம். மூன்று மாடிச் செங்கல் கட்டடம். எல்லாத் தளத்திலும் நம்மாளுங்கதான். மாலையில் படியேறினால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு தாளிப்பு வாசம் வரும். எங்கள் தலைக்கு மேலே மலர் அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நானும் சேகரும் வேலைக்குப் போய்வரும் வரை எங்கள் பெண் நித்யாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து வைத்துக்கொள்வார். ஒரு பைசா வாங்கியதில்லை. புட்டும் சோறுமாக அவளை வளர்த்ததே அவர்தான்.

நித்யாவுக்கு அப்போது ஆறு வயது. வாயைத் திறந்தால் தமிழ் அருவியாகக் கொட்டும், ஆனால் மலர் அக்காவின் தமிழ். "அம்மா, நான் மலர் அன்ரி வீட்ட போட்டு வாறன்" என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். "போயிட்டு வர்றேன்னு சொல்லுடி" என்று திருத்துவேன். அவள் படியேறிக்கொண்டே "ஓம், ஓம்" என்பாள். பிள்ளை வாய் நிறையத் தமிழ் பேசியதை நான் குறையாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒருநாள் பள்ளியில் ஆண்டு விழா. மேடையில் நித்யாவின் வகுப்பு வரிசையாக நின்றது. பார்த்தால் திருச்சியில் ஏதோ ஒரு நர்சரிப் பள்ளி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சேகரிடம் சொன்னேன்: "இவ்வளவு தூரம் பிளேன்ல வந்து, நம்ம பசங்ககூடவே படிக்கறதுக்கா?"

"ஏன், நம்ம பசங்களுக்கு என்ன கேடு?" என்றார் அவர்.

நான் புள்ளியியல் படித்தவள். அடுத்த சனிக்கிழமையே நூலகத்துக்குப் போனேன். சென்சஸ் அட்டவணை அப்போது தடித் தடியான புத்தகங்களாக இருக்கும். பாராமட்டாவைச் சுற்றியுள்ள ஊர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் எத்தனை என்று குறித்துக்கொண்டு வந்தேன். எண் குறையக் குறைய ஊர் உயர்ந்தது. அதுதான் என் கணக்கு. பட்டியலில் எண் குறைவாக இருந்த நார்த்மீட்டில் நான் குறித்து வைத்த தெருவில் நம்மவர் ஒருவர்கூட இல்லை என்று நேரில் போய் நடந்தும் பார்த்துவிட்டு வந்தேன். வாசலில் செருப்பு கிடக்கிறதா, கொல்லையில் கறிவேப்பிலை தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். எதுவும் இல்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

காலி செய்யும் நாளில் மலர் அக்கா படியிறங்கி வந்தார். கையில் ஒரு போத்தல் வறுத்த கறித்தூள்.

"ஏன் நித்யாம்மா, எங்களோட இருக்கிறது கரைச்சலா இருக்கோ?" என்று கேட்டார். கரைச்சல் என்றால் கஷ்டம்.

"ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. ஸ்கூலுக்காகத்தான்."

"ஓம். ஸ்கூலுக்காகத்தான்" என்றார். போத்தலை என் கையில் வைத்து மூடினார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. போய் இறங்கிய பிறகு போன் செய்கிறேன் என்றேன், செய்யவில்லை. மகன் படிப்புக்காக மெல்பர்ன் போய் கிளேட்டன் பக்கம் இருக்கிறார் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

4

நார்த்மீட்டில் எங்கள் பக்கத்து வீடு பார்பராவுடையது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. நாங்கள் போன முதல் நாளே எலுமிச்சம்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். நான் பதிலுக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன். அதை அவர் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் நீரோடு "அற்புதம்" என்றார். இருபத்தைந்து வருஷம் பழம் வேலியைத் தாண்டி வந்தது, ஊறுகாய் வேலியைத் தாண்டிப் போனது.

ஊருக்கு எழுதும் கடிதங்களில் "எங்கள் தெருவில் எல்லாரும் வெள்ளைக்காரர்கள்தான், நாங்கள் மட்டும்தான் தமிழர்" என்று எழுதுவேன். அதை ஒரு பட்டம் மாதிரி எழுதினேன். நித்யாவின் வகுப்புப் புகைப்படம் வந்தால் நண்பர்களிடம் காட்டி, "எங்க பொண்ணைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்ல, பாருங்க" என்பேன். அந்தப் படங்களில் அவள் சிரிக்கவே இல்லை என்பதை நான் கவனித்தது இப்போதுதான்.

முதலில் "போட்டு வாறன்" போயிற்று. பிறகு "போயிட்டு வர்றேன்" போயிற்று. இரண்டு வருஷத்தில் நாங்கள் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதற்கும் நான் வருத்தப்படவில்லை. நல்ல உச்சரிப்பு என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குள் கவுன்சில் வேலையும் கிடைத்துவிட்டது. அட்டவணை போடுகிறவள் என்பதால் சிட்னித் தமிழர் மத்தியில் எனக்கு ஒரு பெயர் வந்தது, டேபிள் அக்கா. வீடு வாங்கப்போகிற அத்தனை பேரும் எனக்குப் போன் செய்வார்கள். "அக்கா, அந்த சபர்ப்ல நம்மாளுங்க எத்தனை பேர்?" நிறைய என்று சொன்னால் குரல் இறங்கிவிடும். "ஓ... அப்படியாக்கா." கொஞ்சம்தான் என்றால் குரலில் உற்சாகம் வந்துவிடும். ஒரேயடியாக யாருமே இல்லை என்றாலும் பயம். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி இருக்க வேண்டும், வாசம் வரணும், கையில் தட்டுப்படக் கூடாது. ஆனால் ஒரு இந்தியன் கடை மட்டும் காரில் பத்து நிமிஷத்துக்குள் இருக்க வேண்டும். இட்லி அரிசி வேண்டுமே.

இது இனவெறி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் அப்படி நினைத்ததே இல்லை. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நான் நின்றபோது காரிலிருந்து "உன் நாட்டுக்குப் போ" என்று கத்தினானே ஒருவன், அதுதான் இனவெறி. நாங்கள் பார்ப்பது ஸ்கூல், சுற்றுச்சூழல், வீட்டு மதிப்பு. துபாய்ப் பையன் கதைதான், ஆங்கிலத்தில் சொன்னால் கௌரவமாக இருக்கிறது.

5

நான் யாருக்கெல்லாம் நார்த்மீட் நல்ல ஊர் என்று சொன்னேனோ அவர்களெல்லாம் நார்த்மீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இதை எதிர்பார்க்க எம்.எஸ்ஸி. புள்ளியியல் தேவையில்லை. ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. எதிர் வீட்டில் ஹைதராபாத்துக்காரர்கள் வந்தார்கள், முனை வீட்டில் கோயம்புத்தூர், அதற்கடுத்து ஒரு மலேசியத் தமிழ்க் குடும்பம். ஒவ்வொரு கணக்கெடுப்பு முடிந்தும் எங்கள் ஊர் அட்டவணையை நானே போட்டேன். நம்மவர்களின் வரிசை ஏறும், பிறந்த நாடு ஆஸ்திரேலியா என்ற வரிசையில் வயதானவர்கள் குறைவார்கள். அலுவலக வரைபடத்தில் அதை ஒரு வண்ணம் போட்டுக் காட்டுவோம். நிறம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தெருவுக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷம் தை மாதம் பார்பரா வீட்டின் முன்னால் விற்பனைப் பலகை வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலியோரம் போய்க் கேட்டேன், ஏன் இப்படித் திடீரென்று.

"வடக்கே என் தங்கச்சி இருக்கிற ஊருக்குப் போறேன், ராதா" என்றார். பிறகு எலுமிச்சை இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டே, "இந்தத் தெரு முன்ன மாதிரி இல்ல. எனக்கு இப்ப இங்க யாரையுமே தெரியல" என்றார்.

"என்னைத் தெரியுமே."

"உன்னைச் சொல்லல, டியர். நீ இவங்களை மாதிரி இல்லையே."

கேட்டதும் ஒரு விநாடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த விநாடிதான் அந்த 'இவங்க' யார் என்று புரிந்தது. அந்த முதல் விநாடிக்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் பார்பராவைத் திட்டித் தீர்த்தேன். இருபத்தைந்து வருஷம் ஊறுகாய் தின்றவள், நன்றி கெட்டவள், எல்லாம் வெள்ளைத்தோல் புத்தி என்றேன். சேகர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மலர் அக்காவும் அன்னிக்கு இதைத்தான் பேசியிருப்பாங்க."

பிறகு நான் சாப்பிடவில்லை.

6

ஆனாலும் மனித மனம் இருக்கிறதே, அதற்கு வெட்கம் கிடையாது. இரண்டு நாளில் வேறு கணக்கு போட ஆரம்பித்துவிட்டேன். பார்பராவின் வீட்டை நித்யா வாங்கினால் என்ன?

நித்யாவும் மருமகனும் நகரத்தில் ஒரு சின்ன யூனிட்டில் வாடகைக்கு இருந்தார்கள். பேத்தி மீராவுக்கு நான்கு வயது, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். வீடு தேடிக்கொண்டிருக்கிறோம் என்று அவளே சொல்லியிருந்தாள். வேலியில் ஒரு சின்னக் கதவு வைத்துவிட்டால் மீரா செருப்புக்கூடப் போடாமல் இந்தப் பக்கம் வந்துவிடலாம். நான் ஓய்வில் இருக்கிறேன். மகளிடம் விட்டதைப் பேத்தியிடம் பிடித்துவிடலாம். போட்டு வாறன் என்று சொன்னாலும் சரி, எந்தத் தமிழாக இருந்தாலும் சரி. அந்தக் கதவை எங்கே வைப்பது என்று டேப் பிடித்து அளந்துகூடப் பார்த்துவிட்டேன். சேகர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது சொன்னேன். நித்யா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நாங்க ஏற்கெனவே ஒரு இடம் பாத்துட்டோம். ஆஃபர் குடுத்துட்டோம்."

"எங்க?"

"ஹெலன்ஸ்பர்க் தாண்டி, கீழ, பீச் பக்கம். உங்களுக்கும் ஈஸிதான்மா. கோயில் பக்கத்துலதானே."

ஹெலன்ஸ்பர்க் சிட்னிக்குத் தெற்கே, காட்டுக்கு நடுவே இருக்கும் ஊர். அங்கேதான் வெங்கடேஸ்வரர் கோயில். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைத் தாண்டி இறங்கினால் கடல், கடலோரமாக வரிசையாகச் சின்னச் சின்ன ஊர்கள். எங்கள் ஆட்கள் கோயில்வரை போவார்கள், புளியோதரை வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். கீழே இறங்கி யாரும் குடியிருந்து நான் கேள்விப்பட்டதில்லை.

"அங்க நம்மாளுங்களே இல்லையேடி" என்றேன்.

அவள் போனை எடுத்து ஏதோ தேடி என் முன்னால் நீட்டினாள். அந்த ஊரின் சென்சஸ் பக்கம். எனக்கு அந்தப் பக்கத்தின் எழுத்துருகூடப் பரிச்சயம்.

"தெரியும்மா. பாத்துதான் முடிவு பண்ணேன். இப்படிப் பாக்கணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

சேகர் எழுந்து தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

"நம்மளோட இருக்கிறது உனக்கு அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் இது மலர் அக்கா கேட்ட கேள்வி என்று எனக்கு உறைத்தது.

நித்யா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக மெதுவாகச் சொன்னாள். "ஸ்கூல்ல நான் ஒருத்திதான்மா இருந்தேன். டெய்லி கேர்ஃபுல்லா இருக்கணும். அது பழகிடுச்சு. இப்ப இங்க வந்தா, ஷாப்ல நாலு அன்ரி என்னைப் பாக்கறாங்க. டேபிள் அக்கா பொண்ணு. மீரா எந்த டியூஷன், எந்த ஸ்கூல், எவ்ளோ மார்க். எல்லாரும் எண்ணிக்கிட்டே இருக்காங்க. ஐ'ம் டயர்ட். அங்க யாரும் என்னை எண்ண மாட்டாங்க. அங்க நான் யாரோட பொண்ணும் இல்ல."

மீரா மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். குனிந்து "பாட்டிகிட்ட வா" என்றேன். "வாட்?" என்றாள்.

7

மே மாதம் குடிபோனார்கள். பெட்டி இறக்கும் நாளில் நாங்கள் போய்ப் பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நாங்கள் போகவில்லை. வருகிறோம் என்றால் நித்யா உடனே சரி என்பாள். "பார்க்ல பாக்கலாம்மா, பீச் பக்கத்துல. மீராவுக்கு ஊஞ்சல் பிடிக்கும்." பார்க்கில் பார்ப்போம். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். கடற்காற்றில் என் புடவை பறக்கும், மீரா ஊஞ்சலில் இருந்து இறங்க மாட்டாள். பிறகு அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சேகரின் பிறந்தநாள். கோயிலுக்குப் போனோம். அவர் பட்டுவேட்டி, நான் அரக்குப் புடவை, இருவர் நெற்றியிலும் குங்குமம். கேண்டீனில் புளியோதரை நான்கு பொட்டலம் வாங்கினார். "நித்யா வீட்டுல ஒரு எட்டு குடுத்துட்டுப் போயிடலாம்" என்றார்.

"போன் பண்ணிட்டுப் போலாம்."

"பெத்த பொண்ணு வீட்டுக்குப் போக எதுக்கு போன்?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நம்மூர்ப் பழக்கம் எத்தனை வருஷமானாலும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். மலையிறங்கிப் போனோம். நித்யாவின் கார் வாசலில் இல்லை. கடைக்குப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று கேட்டுக்கு வெளியே பொட்டலங்களோடு நின்றோம். வேலிக்கு அப்பால் ஒன்றும் நம் வீடு என்று சொல்லவில்லை. செருப்பு இல்லை, கோலம் இல்லை. நான் அந்தக் காலத்தில் நார்த்மீட்டில் எட்டி எட்டிப் பார்த்த தெரு மாதிரியே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்தபடி வந்தார். அறுபது வயதிருக்கும், நல்ல முகம். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கோயிலைத் தேடுறீங்களா? தாண்டி வந்துட்டீங்க. வந்த வழியே மேல ஏறுங்க, ஹெலன்ஸ்பர்க் போர்டு வரும். கவலைப்படாதீங்க, நிறையப் பேருக்கு இப்படி வழி தப்பிடும்."

அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

சேகர் வாயைத் திறந்தார். இது எங்கள் பெண்ணின் வீடு என்று சொல்லப்போகிறார். நான் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். அங்க நான் யாரோட பொண்ணும் இல்ல என்று அவள் சொன்னது என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என்னால் அவளுக்கு இந்த ஒன்றையாவது கொடுக்க முடியும் என்று தோன்றியது. அவருக்கு நன்றி சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில், இரண்டு தடவை சொன்னேன்.

அவர் கைகாட்டிய பக்கமாகவே சேகர் காரைத் திருப்பினார். ஹெலன்ஸ்பர்க் பலகை வந்தபோது சேகர், "மறுபடியும் உள்ள போலாமா? இன்னொரு தடவை கும்பிட்டுக்கறதுக்கு என்ன" என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு இடம் வேண்டியிருந்தது போல. நான் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

மாலையில் நித்யா போன் செய்தாள். அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். மீராவைப் பாடவைத்தாள். பிறகு என்னிடம் பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, இன்னிக்கு ஒரு காமெடி. பக்கத்து வீட்டு கிரெக் சொன்னார். யாரோ வயசான ஒரு ஜோடி, கோயிலுக்கு வந்தவங்க, வழி தெரியாம நம்ம கேட்டுல வந்து நின்னுட்டு இருந்தாங்களாம். பாவம், ரொம்பக் குழம்பிப்போய் இருந்தாங்களாம். இவர்தான் வழி சொல்லி அனுப்பிச்சாராம். சரியாப் போய்ச் சேர்ந்தாங்களான்னு இன்னும் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கார்."

நான்கு பொட்டலமும் பிரிக்காமல் மேசை மேல் கிடந்தன. சேகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ச் சேர்ந்திருப்பாங்க, கவலைப்பட வேண்டாம்னு சொல்லு" என்றேன்.